பச்சை மூடிக் குப்பி

அண்ணி — தொடாத! தட்டைத் தொடாதடி... அது அப்படியே இருக்கட்டும்!

சின்னவ — யாரு தொட்டா? எட்டித்தான் பார்க்கிறேன். ஏன் அண்ணி இப்படிக் கத்துறீங்க, பக்கத்து லேப்ல இருந்து ஆள் வந்து நிக்கப் போகுது.

அண்ணி — வரட்டும்! ஊரே வரட்டும்! நீ இங்க பாரு. முதல் வரிசை என்ன கலர்?

சின்னவ — மஞ்சள்.

அண்ணி — எப்படிப்பட்ட மஞ்சள்?

சின்னவ — ம்... நடுத்தரமா. அடர்த்தியும் இல்ல, வெளுப்பும் இல்ல.

அண்ணி — ரெண்டாவது வரிசை?

சின்னவ — அட! வெளிறிப் போய் கிடக்கு. இருக்கா இல்லையான்னு இருக்கு.

அண்ணி — மூணாவது? உன் வாயால சொல்லு... சொல்லுடி!

சின்னவ — அண்ணி... அடர் மஞ்சள். கண்ணு கூசுது.

அண்ணி — மூணு வருஷம்! மூணு வருஷமா மூணு வரிசையும் ஒரே மஞ்சளா வந்து என் உசுர வாங்கிச்சு. இன்னிக்குப் பாரு, படிக்கட்டு மாதிரி நிக்குது!

சின்னவ — நாற்காலி சக்கர நாற்காலி அண்ணி. அது மேல ஏறாதீங்க.

அண்ணி — ஏறிட்டேன்.

சின்னவ — கண்ணால பார்த்தா போதுமா? மெஷின்ல வெச்சு நம்பர் எடுத்தீங்களா?

அண்ணி — ரெண்டு தடவை எடுத்தேன். நம்ப முடியாம மூணாவது தடவையும் எடுத்தேன். அசையல. மணி என்ன?

சின்னவ — ரெண்டு அஞ்சு.

அண்ணி — மூணு மணிக்குத்தானே பெரிய டாக்டர் வரச் சொன்னார்? "இதுவரைக்கும் வந்தது போதும், மூட்டை கட்டுங்க"ன்னு சொல்லத்தானே கூப்பிட்டார்? வர்றேன்... வந்து இந்தத் தட்டை அவர் மேசையில வைக்கிறேன். அப்புறம் யார் மூட்டை கட்டுறாங்கன்னு பார்ப்போம்!

சின்னவ — அண்ணி, அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு...

அண்ணி — இரு, போன் அடிக்குது. உங்க அண்ணன்தான். எடு, ஸ்பீக்கர்ல போடு.

அண்ணன் — ஹலோ... என்னம்மா, மூடியாச்சா?

அண்ணி — என்னத்தங்க மூடுறது?

அண்ணன் — உன் ஆராய்ச்சியதான். பட்டம் போச்சு, மூணு வருஷம் போச்சு, தங்கச்சி வேலையும் போச்சுன்னு காலைல மூக்கைச் சிந்திட்டே போனியே. பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. அதான் ஆறுதல் சொல்லலாம்னு...

சின்னவ — அண்ணா, உன் ஆறுதலை மடிச்சு பாக்கெட்டுல வை. இங்க உன் பொண்டாட்டி நாற்காலி மேல நிக்கிறாங்க.

அண்ணன் — ஐயோ! இறக்கி விடு! ஏன், என்ன ஆச்சு?

அண்ணி — ஆடிட்டு இருக்கேங்க! ஜெயிச்சுட்டோம்!

அண்ணன் — எதை?

அண்ணி — எதைன்னா... இவ்வளவு நாள் நான் சொன்னதெல்லாம் உங்க காதுல ஏறவே இல்லையா?

அண்ணன் — எங்க சொன்ன? தோலு, செல்லு, ஹார்மோனுன்னு மூணு வார்த்தை சொல்லுவ, நாலாவது வார்த்தைல எரிஞ்சு விழுவ. இப்போ நல்ல மூடுல இருக்கல்ல, எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

அண்ணி — சரி கேளுங்க. ஆபரேஷன்ல எடுக்கிற தோல் கொஞ்சம் மிச்சமாகும். அவங்க சம்மதத்தோட அதை வாங்கி, அதுல இருக்கிற செல்லைத் தட்டுல வளர்க்கிறோம்.

அண்ணன் — யாரோட தோல்?

சின்னவ — எங்களுக்கு வெறும் நம்பர்தான் அண்ணா. நம்பர் பதினேழு ரொம்ப நல்லவர். சீக்கிரம் வளருவார்.

அண்ணி — நீ சும்மா இரு. என்னங்க, மனுஷனுக்கு டென்ஷன் வந்தா உடம்பு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். கார்ட்டிசால்னு பேரு.

அண்ணன் — எனக்கு ஒவ்வொரு சிக்னல்லயும் சுரக்கும்.

அண்ணி — அது கொஞ்ச நேரத்துக்கு வந்துட்டுப் போனா தப்பில்ல. தோல்கிட்ட போய் "சும்மா இரு, சிவக்காத, வீங்காத"ன்னு அதட்டி அடக்கும். ஆனா நாள்கணக்கா நிக்காம வந்துட்டே இருந்தா, தோல் அது பேச்சைக் கேக்கிறதையே விட்டுடும். அப்புறம் சின்னதா ஒண்ணு உரசினாக்கூட போதும், சிவந்து, வீங்கி, அரிச்சு... அதைத்தான் அழற்சிங்கிறோம்.

அண்ணன் — அட, ஹார்ன்!

அண்ணி — என்னது?

அண்ணன் — ஹார்னும்மா. ஒரு தடவை அடிச்சா ஒதுங்குவான். அடிச்சுட்டே இருந்தா எவன் ஒதுங்குறான்? திரும்பிக்கூட பார்க்க மாட்டான்.

சின்னவ — பாருங்க அண்ணி! நீங்க நாப்பது பக்கம் எழுதினதை எங்க அண்ணன் ஒரே மூச்சுல முடிச்சுட்டான்.

அண்ணி — அவர் ஹார்னுன்னு சொல்லிட்டார், நான் அதை நிரூபிக்கணும்ல? அதுக்குத்தான் மூணு வரிசை. ஒரே ஆளோட செல். முதல் வரிசைக்கு ஹார்மோனே கிடையாது. ரெண்டாவதுக்கு ஒரு நாள் மட்டும். மூணாவதுக்குப் பத்து நாள் விடாம. கடைசில மூணையும் ஒரே மருந்தால சீண்டி விடுவோம். எது எவ்வளவு கோவிச்சுக்குதோ அவ்வளவுக்கு மஞ்சள் ஏறும்.

அண்ணன் — இப்போ பத்து நாள் ஹார்ன் அடிச்சது அடர் மஞ்சளா?

அண்ணி — அடர் மஞ்சள்! ஒரு நாள் குடுத்தது வெளிறிப் போச்சு, நல்லா அடங்கியிருக்கு. ஒண்ணும் குடுக்காதது ரெண்டுக்கும் நடுவுல. எப்படி வரணுமோ அப்படியே!

அண்ணன் — அடேங்கப்பா! அப்போ இனிமே வீட்ல டம்ளர் பறக்காதுல்ல?

சின்னவ — அதுக்கு உத்தரவாதம் கிடையாது.

அண்ணன் — சரி, உன் கையில சிவந்து சிவந்து வருதே, அதுவும் இந்தக் கதைதானா?

அண்ணி — அது... அது சோப்புங்க.

அண்ணன் — போன மாசம் கையுறைன்ன. அதுக்கு முன்னாடி குழாய்த் தண்ணின்ன. எட்டு மாசமா அரிக்குது, ஒவ்வொரு மாசமும் ஒரு காரணம். இரு, மருந்துக்கடைல ஒரு களிம்பு வாங்கியிருக்கேன். பேர் படிக்கிறேன் பாரு... ஹைட்ரோ... ஹைட்ரோகார்ட்டி...

அண்ணி — வேண்டாம்!

அண்ணன் — என்னம்மா?

அண்ணி — வேண்டாங்க, அதைப் படிக்க வேண்டாம்... நான்... நான் வந்து பார்த்துக்கிறேன். உங்க கண்டக்டர் விசில் அடிக்கிறார் பாருங்க.

அண்ணன் — அவன் டீக்கடைல இருக்கான்.

அண்ணி — அப்போ அடிப்பார். வெச்சுடுங்க!

அண்ணன் — சரி சரி. தங்கச்சி, அவளை நாற்காலியில இருந்து இறக்கு. மூணரைக்கு எனக்கு ஒரு போன் பண்ணுங்க, கையில உசுரைப் பிடிச்சுட்டு இருப்பேன்.

சின்னவ — இறங்குங்க அண்ணி. கையக் குடுங்க... ஐயோ, விரல் இடுக்கெல்லாம் வெடிச்சிருக்கே. நேத்து இவ்வளவு இல்லையே.

அண்ணி — விடு. இப்போ அதுவா முக்கியம்? படம் எடுக்கணும், வரைபடம் போடணும், அம்பது நிமிஷம்தான் இருக்கு. பிரிண்டர்ல மை இருக்கா?

சின்னவ — இருக்கு. அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்.

அண்ணி — மூணு வரிசைக்கும் மூணு கலர் போடுவோமா? முதல்ல நீலம்...

சின்னவ — அண்ணி.

அண்ணி — பெரிய டாக்டருக்கு நீலம் பிடிக்காது. சாம்பல்?

சின்னவ — அண்ணி! உட்காருங்க. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் சாம்பலோ நீலமோ போட்டுக்கங்க.

அண்ணி — ...என்னடி, பயமுறுத்துற?

சின்னவ — செல்லுக்குச் சாப்பாடு கலக்குறது நான்தானே? பெரிய பாட்டில்ல ஆறு குட்டிக் குப்பி ஊத்தணும். சிவப்பு மூடி, நீல மூடி, வெள்ளை மூடி... அதோ, சுவத்துல பெரிய டாக்டர் கைப்பட எழுதி ஒட்டியிருக்காரே, "ஆறையும் தவறாமல் ஊற்றவும்"னு.

அண்ணி — ஆமா. அவர் படிச்ச காலத்துல இருந்து அதான். அதுக்கென்ன?

சின்னவ — இந்தத் தடவை அஞ்சுதான் ஊத்தினேன். பச்சை மூடிக் குப்பியை ஊத்தல.

அண்ணி — ஏன்?

சின்னவ — டப்பா கை நழுவி விழுந்துடுச்சு. மத்ததெல்லாம் தப்பிச்சுது, பச்சை மட்டும் உடைஞ்சு போச்சு. சொல்லலாம்னுதான் வந்தேன்... நீங்க அன்னிக்குப் பேனா காணோம்னு ஆடிட்டு இருந்தீங்க. பேனா உங்க கொண்டையில சொருகியிருந்துச்சு. அதைச் சொல்லவே எனக்குத் தைரியம் வரல, இதை எப்படிச் சொல்றது?

அண்ணி — எத்தனை பாட்டில்?

சின்னவ — ரெண்டும். மூணு வாரமா. இந்தத் தட்டுல இருக்கிற செல்லை ஐஸ்ல இருந்து எடுத்த நாள்ல இருந்து.

அண்ணி — முதல்ல இருந்தே?

சின்னவ — முதல்ல இருந்தே. அதான் கொஞ்சம் மெதுவா வளர்ந்துச்சு. நீங்க கவனிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். திட்டுங்க... திட்டிடுங்க அண்ணி.

அண்ணி — திட்டுறதா? ஏய்... ஏய் வாலு! நோட்டை எடு! பழைய நோட்டு எல்லாத்தையும் எடு!

சின்னவ — எதுக்கு?

அண்ணி — ஒண்ணுமே வீணாப் போகலடி! ஒரு தட்டுகூட வீணாப் போகல! யோசிச்சுப் பாரு. இந்தச் செல்லு தட்டுல வளர ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு சொட்டு ஹார்மோனைப் பார்த்ததில்ல. அதனாலதான் முதல் வரிசை உண்மையாவே ஹார்மோன் இல்லாத வரிசையா நிக்குது. பழைய தட்டுங்க? மூணு வரிசையும் சாப்பாட்டோட சேர்த்து வாரக்கணக்கா அதைக் குடிச்சுக் குடிச்சுச் செவிடாப் போனதுங்க. நிம்மதியா இருக்கிற செல்லுன்னு நாம ஒப்பிட்டுப் பார்க்க வெச்சிருந்தோமே, அது நிம்மதின்னா என்னன்னே தெரியாம வளர்ந்த செல்லு! அப்புறம் மூணும் ஒரே மஞ்சளா வராம எப்படி வரும்?

சின்னவ — அண்ணி...

அண்ணி — பழசை எல்லாம் நாலாவது வரிசையா வெச்சுடலாம்! "நீண்ட காலம் ஹார்மோன்லயே வளர்ந்த செல்"! நூத்துப் பத்து தட்டு இருக்கு! யார்கிட்ட இருக்கு இவ்வளவு? பெரிய டாக்டர் கேள்வி கேட்டா மூணாவது நோட்டு, அறுபத்திரண்டாம் பக்கம்...

சின்னவ — அண்ணி. ஒரு நிமிஷம்.

அண்ணி — என்ன?

சின்னவ — பச்சை மூடிக்குள்ள அந்த ஹார்மோன்தான் இருக்குன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே.

அண்ணி — ...சொன்னியே. இப்போ சொன்னியே.

சின்னவ — சொல்லல. பச்சை மூடிய ஊத்தலன்னு மட்டும்தான் சொன்னேன்.

அண்ணி — அது... குப்பி மேல போட்டிருக்கும்ல.

சின்னவ — மேல வெறும் நம்பர்தான் போட்டிருக்கு. பேரு உள்ள மடிச்சு வர்ற சீட்டுலதான், எறும்பு எழுத்துல. ஹைட்ரோகார்ட்டிசோன். கார்ட்டிசாலுக்கே மருந்துக்கடைப் பேரு. களிம்புல அதேதான். அண்ணன் அதைப் படிக்க ஆரம்பிச்சதும் நீங்க ஏன் அப்படிப் பதறினீங்க?

அண்ணி — நான் ஒண்ணும் பதறல.

சின்னவ — எங்க அண்ணன் கண்டக்டருக்கே இல்லாத விசில் குடுத்தீங்க.

அண்ணி — ...மணி என்ன?

சின்னவ — ரெண்டரை. நேரம் இருக்கு. அண்ணி, இப்போ நான் சொல்றேன், நீங்க பதறாதீங்க. டப்பா விழவே இல்ல.

அண்ணி — என்ன?

சின்னவ — ஒண்ணும் உடையல. ரெண்டு பச்சைக் குப்பியும் ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல, காலி டப்பாவுக்குப் பின்னாடி முழுசா இருக்கு. வேணும்னேதான் ஊத்தல.

அண்ணி — அடிப்பாவி! தெரிஞ்சா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? சொல்லாம கொள்ளாம சாப்பாட்டை மாத்தினதுக்கு இன்னிக்கே உன்னை வெளிய அனுப்பிடுவார்!

சின்னவ — தெரியும். அதுக்குத்தான் என் நோட்டுல தினமும் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன். எந்த பாட்டில், எத்தனை மணி, எதை ஊத்தல... எல்லாம் இருக்கு. நான் போனாலும் தட்டு நிக்கும். எப்படியும் மூணு மணிக்கு மூடப் போறாங்க, வேலை இன்னிக்குப் போனா என்ன, அடுத்த வாரம் போனா என்ன?

அண்ணி — இதுக்கெல்லாம் எங்கடி கத்துக்கிட்ட இந்த நெஞ்சழுத்தம்?

சின்னவ — உங்க கூடத்தான் குடும்பம் நடத்துறேன். சிரிக்காதீங்க... நான் ஒண்ணும் எடுத்ததும் இதைப் பண்ணல. முதல்ல வாயால கேட்டேன். பாத்திரம் தேய்ச்சுட்டு இருக்கும்போது, "அண்ணி, அந்தப் பச்சைக் குப்பில என்னதான் இருக்கு"ன்னு. "ஊத்துறது உன் வேலை, யோசிக்கிறது என் வேலை"ன்னீங்க.

அண்ணி — நான் அப்படியா சொன்னேன்?

சின்னவ — டம்ளரோட சொன்னீங்க. பறந்துச்சு. சரி, படிச்சவங்க, கோவம் வந்துடுச்சுன்னு விட்டுட்டேன். ஆனா மனசு கேக்கல. மறுவாரம் அந்தச் சீட்டுல ஒரு வரிக்குக் கீழ பென்சில்ல கோடு போட்டு, உங்க நோட்டுல சொருகி வெச்சேன்.

அண்ணி — அப்புறம்?

சின்னவ — ஒரு மாசம் காத்திருந்தேன். நீங்க ஒண்ணுமே சொல்லல. சீட்டு வெச்ச பக்கத்துலயே இருந்துச்சு. பார்க்கவே இல்ல போலன்னு நினைச்சேன். அப்புறம் நீங்க இன்னும் கடுசாயிட்டீங்க, கிட்ட நெருங்கவே முடியல. இந்தத் தடவை கடைசித் தட்டுன்னு தெரிஞ்சதும்... இனிமே யாரைக் கேக்கணும்னு நானே குப்பியை எடுத்து வெச்சுட்டேன்.

அண்ணி — தட்டு மெதுவா வளர்ந்துச்சே, அதை நான் பார்த்தேன்.

சின்னவ — பார்த்தீங்களா? ஏன் கேக்கல?

அண்ணி — ...கேட்டா நீ சொல்லிடுவியே.

சின்னவ — அண்ணி, எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. நாத்தனாரா கேக்கல, கூட வேலை பார்க்கிறவளா கேக்கிறேன். பெரிய டாக்டர்கிட்ட உடைஞ்சுதுன்னு சொல்லுங்க, மறந்துட்டேன்னு சொல்லுங்க, என்ன வேணா சொல்லுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். அந்தச் சீட்டை நீங்க பார்த்தீங்களா, இல்லையா?

அண்ணி — நீ சொருகின அன்னிக்குச் சாயங்காலமே பார்த்துட்டேன்டி. ஒரே வரி. படிச்சதும் தெரிஞ்சு போச்சு, எல்லாத் தட்டும் தப்பு, சுவத்துல பெரிய டாக்டர் ஒட்டினதும் தப்பு, எங்கிட்ட இல்லாத அறிவு உங்கிட்ட இருந்திருக்குன்னு... சொல்ல வாய் வரல. நான் பார்க்கலைன்னு நீ நினைக்கணும்னு, மடிப்பு மாறாம அதே பக்கத்துல திரும்ப வெச்சேன். மறுநாள் காலைல எழுந்தா விரல் இடுக்குல அரிப்பு. சோப்பும் இல்ல, கையுறையும் இல்ல, குழாய்த் தண்ணியும் இல்ல. எட்டு மாசமா "சொல்லு சொல்லு"ன்னு உள்ள ஒண்ணு கத்திட்டே இருந்துச்சு, நான் செவிடாவே இருந்துட்டேன்... இந்தா உன் சீட்டு, பென்சில் கோடுகூட அழியல. தட்டை நீ எடுத்துக்க, பச்சைக் குப்பி ரெண்டையும் நான் எடுத்துட்டு வர்றேன். இன்னிக்கு அவர்கிட்ட நீ பேசு, என்னைக் கேட்டா நான் எல்லாத்தையும் சொல்லிடுறேன்... ஏய், நடடி, மணி ஆயிடுச்சு!